நெல்லையில தனியா ரூம் எடுத்து இருக்கீங்களா? சனி ஞாயிறு பேக்கரி சுத்த முழுமையான வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ அசலூர்ல இருந்து வந்து பெருமாள்புரம், மகாராஜநகர், ஹைகிரவுண்டுன்னு எங்கயோ ஒரு ரூம்ல தனியா இருக்கீங்க, ஊருக்குப் போயிட்டு வர ரெண்டு நாள் பத்தாது, ரூம்லயே போனை நோண்டிக்கிட்டு கிடக்கவும் பிடிக்கல, அதோட பப்ஸ் கேக் பன் பிஸ்கட்டுன்னா உங்களுக்கு உசுரு. அப்படி ஒரு ஆளுக்குத்தான் இதை எழுதுறேன். நானும் பாளையங்கோட்டையில தனியா இருக்கற பொண்ணுதான், சொந்த ஊரு உடன்குடி பக்கம். வார நாள்ல மெஸ் சாப்பாடு, சனி ஞாயிறு வந்தா பேக்கரி, இதுதான் என் வாழ்க்கை, இதுல எனக்கு ரொம்ப சந்தோசம்.

இங்க வந்து சேர்ற எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "எந்தக் கடை நல்லாருக்கும்?" என்கிட்ட கேட்டா நான் திருப்பிக் கேக்கறது "எத்தன மணிக்குப் போவீங்க?" ஏன்னா இந்தப் பக்கம் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. காலைல பன்னு, பதினோரு மணிக்கு பப்ஸ், விளக்கு வைக்கற நேரம் அல்வா. பேரு பெத்த கடைல ஆறிப்போன பப்ஸ் சாப்பிடறதுக்கு முக்குக் கடைல ட்ரே இறங்கும்போது வாங்கிச் சாப்பிடறது நூறு மடங்கு மேல். அதனால இந்த வழிகாட்டி முழுக்க மணிக்கணக்குலதான் போகும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி: சின்ன ஏற்பாடு

பெருசா ஒண்ணும் வேண்டாம். மூடி டைட்டா இருக்கற ஒரு எவர்சில்வர் டப்பா (இது ஞாயித்துக்கிழமை வாங்கப்போற மக்ரூன்ங்கற முந்திரி இனிப்புக்கு, கண்டிப்பா வேணும்), தண்ணி பாட்டில், கைக்குட்டை, பத்து இருபது ரூபா சில்லறை. ஜிபே எல்லா எடத்துலயும் இருக்கு ஆனா கூட்டத்துல நெட்டு கிடைக்காம நிக்கறத விட சில்லறை நீட்டுனா வேலை சீக்கிரம் முடியும். பஸ்ஸுக்கும் சேத்து ரெண்டு நாளைக்கு ஆயிரம் ரூபா வச்சா தாராளம், அதுவே மிஞ்சும். பொண்ணுங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இலவசம், 2021ல இருந்து சாதாரண கட்டண நகரப் பஸ் எல்லாத்துலயும் உண்டு, அதனால பாளையங்கோட்டை, ஜங்ஷன், டவுன்னு எத்தன தடவை மாறி மாறி ஏறி இறங்குனாலும் செலவே கிடையாது.

இன்னொன்னு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கப் போற பேக்கரில மாஸ்டர்கிட்ட "அண்ணே, நாளைக்கு காலைல பன்னு எத்தன மணிக்கு இறங்கும், பப்ஸ் எப்போ?"ன்னு கேட்டு வச்சுக்கோங்க. கேக்க வெக்கப்படாதீங்க. இந்த ஊர்ல சாப்பாட்டப் பத்திக் கேட்டா யாரும் மூஞ்சிய சுளிக்க மாட்டாவ, கூட ரெண்டு விஷயம் சேத்துத்தான் சொல்லுவாவ.

சனிக்கிழமை காலை: பன்னும் ரொட்டியும்

ஏழு ஏழரைக்கே கிளம்பிருங்க. பாளையங்கோட்டையில ஆரம்பிங்கன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இது பள்ளிக்கூடமும் சர்ச்சும் நிறைஞ்ச ஊரு. ரேனியஸ் ஐயர்ங்கற மிஷனரி 1820ல இங்க வந்தாரு, முருகன்குறிச்சில நிக்கற ஊசிக்கோபுர சர்ச் 1826ல எழும்புச்சு, ஜான்ஸ் காலேஜ் 1878, சேவியர்ஸ் காலேஜ் 1923. ஹாஸ்டல் பிள்ளைங்க, வாத்தியாருங்க, கன்னியாஸ்திரிங்க, கோயில் முடிஞ்சு வர்ற குடும்பங்கன்னு ரொட்டி கேக்கு வாங்கற ஜனம் தலைமுறை தலைமுறையா இருக்கு, அதனால தெருவுக்கு ரெண்டு பேக்கரி இருந்தாலும் எல்லாத்துலயும் சரக்கு ஓடுது. சரக்கு ஓடற எடத்துலதான் பழசு தங்காது.

ஒரு பேக்கரிக்குள்ள போன ஒடனே ஆர்டர் குடுக்காதீங்க, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. பின்னாடி ஓவன் இருக்கா, இல்ல வேற எங்கயோ செஞ்சு வண்டில வருதா? பின்னாடி ஓவன் இருந்தா ஈஸ்ட் வாசமும் வெண்ணெ வாசமும் கலந்து வாசல் வரைக்கும் வரும், அது போதும். வண்டில வந்தாலும் தப்பில்ல, வண்டி வர்ற நேரத்த மட்டும் தெரிஞ்சுக்கோங்க. அப்புறம் கண்ணாடிப் பெட்டிய பாருங்க. பிஸ்கட்டு இருக்கற பாட்டில் பாதி காலியா இருந்தா நல்ல அறிகுறி, கழுத்து வரைக்கும் ரொம்பி மேல தூசி படிஞ்சிருந்தா நகந்துருங்க. பட்டர் க்ரீம் கேக்குல ரோஸ்பூ ஓரம் வெடிச்சு காஞ்சிருந்தா அது நேத்து வெட்டுனது.

காலைல வாங்க வேண்டியது தேங்காய் பன், இல்லன்னா வெறும் ஸ்வீட் பன்னு. தேங்காய் பன்ன ரெண்டா பிச்சுப் பாருங்க, உள்ள தேங்காப்பூ ஈரமா, சீனி முழுசா கரையாம பல்லுல நறநறன்னு தட்டுப்படணும், டூட்டி ஃப்ரூட்டி அங்கங்க செவப்பா பச்சையா எட்டிப்பாக்கணும். தேங்காய் வறண்டு தூளாக் கொட்டுச்சுன்னா அது முந்தாநேத்து சரக்கு. வெறும் பன்னுக்கு ஒரு சோதனை, விரலால லேசா அழுத்துங்க, குழி தானா மேல எழும்பி வந்தா புதுசு. பன் பட்டர் ஜாம் கேட்டா தோசைக்கல்லுல போட்டு சூடு காட்டித் தருவாவ, நான் காலைல அத வேண்டாம்னு சொல்லிருவேன். புதுப் பன்னுக்கு வெண்ணெ எதுக்கு, அதுபாட்டுக்கு டீயோட போகும். பழைய பன்னுக்குத்தான் கல்லும் வெண்ணெயும் வேணும்.

தனியா போறவங்களுக்கு ஒரு பெரிய வசதி இங்க இருக்கு. நாலு பேரு சேந்து போனா ஆளுக்கொண்ணு சொல்லி ஒரே கடைல வயிறு ரொம்பிரும். தனியா போனா ஒரு கடைல ஒரே ஒரு பண்டம், அரை டீ, எந்திரிச்சு அடுத்த கடை. யாரும் "போலாமா"ன்னு வாட்ச்ச பாக்க மாட்டாங்க. பிஸ்கட்டு எடை போட்டுத்தான் விப்பாங்க ஆனா "அண்ணாச்சி, அம்பது கிராம் போதும், ருசி பாக்கத்தான்"னு சொன்னா குடுத்துருவாவ. உப்பு பிஸ்கட்டு, வெண்ணெ பிஸ்கட்டு, தேங்காய் பிஸ்கட்டு மூணும் அம்பது அம்பது கிராமா தனித்தனி பேப்பர்ல மடிச்சு வாங்கிக்கோங்க, ராத்திரி ரூம்ல பால் காய்ச்சிக் குடிக்கும்போது ஆகும்.

பதினோரு மணி: பப்ஸ்

இதுக்குத்தான் நான் வாரம் முழுக்க காத்துக்கிட்டு இருப்பேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதிக்கிடுதேன்.

பப்ஸ்ங்கறது மாவையும் கொழுப்பையும் மடிச்சு மடிச்சு தேச்சு அடுக்கடுக்கா செய்யறது. டால்டாவோ மார்ஜரினோ மைதா மாவுக்கு நடுவுல வச்சு, தேச்சு, மூணா மடிச்சு, திருப்பித் தேச்சு, திரும்பவும் மடிச்சு. ஓவன் சூட்டுல மாவுல இருக்கற தண்ணி ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேல தூக்கும், நடுவுல இருக்கற கொழுப்பு ஒரு அடுக்கு இன்னொண்ணோட ஒட்டாம பாத்துக்கும். அதனாலதான் வெந்த பப்ஸ் காத்தடிச்ச கணக்கா உப்பி நிக்குது. நம்ம ஊரு வெயில்ல இதுல கஷ்டம் என்னன்னா தேக்கும்போதே கொழுப்பு இளகி மாவோட கலந்துரும், கலந்தா அடுக்கு வராது, கனமா ரொட்டி மாதிரி ஆயிரும். அதனால நல்ல மாஸ்டருங்க விடியக்காலை குளிர்ச்சிலயே மாவ தேச்சு வச்சிருவாங்க. ஏப்ரல் மே மாசத்துல பப்ஸ் நல்லா வர்ற கடைன்னா அங்க கை தேர்ந்த மாஸ்டர் இருக்காருன்னு அர்த்தம்.

ட்ரே இறங்கும்போது கிட்ட நின்னு கேளுங்க, பப்ஸுங்க ஒண்ணுக்கொண்ணு உரசி சரசரன்னு ஒரு சத்தம் வரும். மேல்பக்கம் முட்டை தடவுன எடம் தேன் கலர்ல மின்னும், ஓரத்துல மசாலா லேசா வழிஞ்சு கருகி ஒட்டியிருக்கும், அந்தக் கருகுன துண்டுதான் முதல்ல என் வாய்க்குப் போறது. பேப்பர்ல வச்சு நீட்டும்போது கடைக்காரர் "இப்பதான் எடுத்தது, உள்ள கொதிக்கும், பாத்துக்கிடுங்க"ம்பாரு. அவர் சொல்றத கேளுங்க. முட்டை பப்ஸ்ல பாதி முட்டையக் கவுத்து வச்சிருப்பாங்க, அடியில வெங்காய மசாலா, அந்த மசாலாதான் நாக்கப் பொசுக்கும். ஒரு முனையக் கடிச்சு ஆவிய வெளிய விட்டுட்டு அப்புறம் சாப்பிடுங்க. இந்தப் பக்கம் மசாலாவுல சோம்பும் மிளகும் தூக்கலா இருக்கும், வெங்காயம் நல்லா வதங்கி இனிப்பா இருக்கும். வெஜ் பப்ஸ்ல உருளைக்கிழங்க விட கேரட் பீன்ஸ் நிறைய போடற கடைய நான் விரும்ப மாட்டேன், தண்ணி விட்டு அடி மாவ நனச்சிரும்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள பல்பு போட்டு வச்சிருக்கற பப்ஸ் சூடா இருக்கும், ஆனா மொறுமொறுப்பு போயிருக்கும், உள்ள இருக்கற ஆவி வெளிய போக வழியில்லாம மேல் அடுக்க நனச்சிரும். அதனால "சூடா இருக்கா"ன்னு கேக்காதீங்க, "எப்போ எடுத்தது"ன்னு கேளுங்க. பழசுதான்னா "அடுத்த ட்ரே எப்போ அண்ணே?" அவ்வளவுதான். பெரும்பாலும் காலைல பத்தரை பதினொண்ணு, சாயங்காலம் மூணரை நாலு, இந்த ரெண்டு நேரத்துல இறக்குவாங்க, கடைக்குக் கடை அரை மணி முன்னப் பின்ன இருக்கும். முட்டை சாப்பிடாதவங்க வெஜ் பப்ஸ்னாலும் மேல முட்டை தடவுவீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, கடைக்குக் கடை மாறும்.

மத்தியானம் ரூமுக்குப் போயி மோர் குடிச்சுட்டு தூங்குங்க. திருநெல்வேலி ரெண்டு மணி வெயில்ல க்ரீம் கேக் வாங்கி கைல வச்சுக்கிட்டு அலையற வேலையே வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலம்: டவுன்

அல்வா பேக்கரி ஐட்டமான்னு சண்டைக்கு வராதீங்க. இனிப்புப் பைத்தியம் ஒருத்தர் திருநெல்வேலில இருந்துக்கிட்டு சனிக்கிழமை சாயங்காலம் டவுனுக்குப் போகலன்னா எப்படி?

நாலே முக்காலுக்கு டவுன்ல இறங்கிருங்க. நெல்லையப்பர் கோயிலுக்கு எதுக்க கீழ ரத வீதில இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், அஞ்சு மணி சுமாருக்கு. பெரிய போர்டு கிடையாது, கூட்டத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். வடக்க இருந்து வந்து இங்கயே நம்ம ஜனமா ஆகிட்ட சிங் குடும்பத்தோட கடை அது. ஜங்ஷன் பக்கம் போனா சாந்தி ஸ்வீட்ஸ்ல பகல் முழுக்க அல்வா கிடைக்கும், அதே மாதிரி பேரு வச்ச கடைகளும் சுத்தி நிறைய இருக்கு, கூட்டத்தையும் சூட்டையும் பாத்து முடிவு பண்ணிக்கோங்க.

கிலோ கணக்குல பார்சல் வாங்கறவங்கதான் வரிசைல நிறைய நிப்பாங்க. நீங்க நூறு கிராம் கேளுங்க, அங்கயே சாப்பிடறேன்னு சொல்லுங்க. சூடா கைல வாங்கி நின்னுக்கிட்டே சாப்பிடறதுதான் இதுக்கு முறை. நல்ல அல்வா விரல்ல ஒட்டாது, நெய்யி மட்டும் மினுமினுன்னு விரல் நுனில இருக்கும், வாய்ல போட்டா மெல்ல வேண்டிய வேலையே இல்லாம வழுக்கிக்கிட்டு உள்ள போகும். சம்பா கோதுமைய ஊறவச்சு, ஆட்டி, பால் பிழிஞ்சு, ராத்திரி முழுக்க தெளிய விட்டு, மேல நிக்கற தண்ணிய இறுத்துட்டு, அந்தக் கெட்டிப்பால சீனிப் பாகுல ஊத்திக் கிண்டுவாங்க, நெய்ய கொஞ்சம் கொஞ்சமா விட்டு மணிக்கணக்கா. ராத்திரி பூரா நிக்கறதுல பால் லேசா புளிக்கும், அதுதான் அல்வாவுக்கு அந்த அடி ருசிய குடுக்கறது, வெறும் தித்திப்பா திகட்டாம இருக்கறதுக்கும் அதுதான் காரணம்னு நான் நினைக்கேன். ஊர்ல கேட்டா தாமிரபரணி தண்ணிதான் காரணம்னு சொல்லுவாவ, அதையும் நான் மறுத்துப் பேச மாட்டேன், தண்ணிக்கு ருசி உண்டு.

சாப்பிட்டு முடிச்ச ஒடனே தண்ணி குடிக்காதீங்க. ஒரு கைப்பிடி காராசேவோ மிச்சரோ வாங்கி வாய்ல போடுங்க, நெய்யி கழுவிவிட்ட மாதிரி போயிரும், அப்புறம் இன்னொரு அம்பது கிராம் அல்வா கேக்கத் தோணும். தோணுனா வாங்குங்க. ரத வீதில ஒரு சுத்து நடந்தா சரியாப் போகும். ஆனித் தேரோட்டம் நடக்கற சமயம்னா (ஜூன் ஜூலைல வரும்) அந்தப் பக்கம் நிக்கவே எடம் இருக்காது, அல்வாவுக்குன்னு மட்டும் போறதா இருந்தா வேற வாரம் போங்க.

ஞாயித்துக்கிழமை: தூத்துக்குடி, மக்ரூன்

காலைல ஏழு மணிக்கு புது பஸ் ஸ்டாண்டுல தூத்துக்குடி பஸ் ஏறுங்க. அம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒண்ணேகால் மணி நேரம் பிடிக்கும், வாகைக்குளம் ஏர்போர்ட்டத் தாண்டுனா காத்துல ஈரம் தெரிய ஆரம்பிச்சிரும். தூத்துக்குடி 1986 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டத்துலதான் இருந்துச்சு, அதனால மாவட்டம் விட்டு மாவட்டம் போறோம்னு நினைக்க வேண்டாம், எல்லாம் நம்ம சீமைதான்.

மக்ரூன் தெரியாதவங்களுக்கு: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இந்த மூணே மூணுதான். மைதா கிடையாது, வெண்ணெ கிடையாது, ஈஸ்ட் கிடையாது. வெள்ளைக்கருவ நுரை பொங்க அடிச்சு, சீனிய கொஞ்சம் கொஞ்சமா சேத்து, நுரை நட்டமா நிக்கற பக்குவம் வந்ததும் முந்திரித் தூள மெதுவா கலந்து, சின்னச் சின்ன கோபுரமா பிழிஞ்சு, ரொம்ப மெல்லிசான சூட்டுல நிதானமா காய வைக்கறது. வேக வைக்கறதுன்னு சொல்றத விட காய வைக்கறதுன்னுதான் சொல்லணும், சூடு ஏறுனா வெள்ள நிறம் போயி பழுத்துரும், உள்ளயும் வெடிச்சிரும். ஐரோப்பாவுல இதைப் பாதாம்ல செய்வாங்க. போர்த்துகீசியருங்க 16ஆம் நூற்றாண்டுல முத்துக்குளிக்கற இந்தக் கரைக்கு வந்தாங்க, முந்திரியையும் பிரேசில்ல இருந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்தது அவங்கதான். மக்ரூனும் அவங்க வழியா வந்ததுதான்னு தூத்துக்குடில சொல்லுவாவ. பாதாம் எடத்துல முந்திரி உக்காந்த ஒடனே அது வேற பண்டமாவே ஆயிருச்சு, நம்ம பண்டமா ஆயிருச்சு.

ஊருக்குள்ள பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி விசாரிங்க. கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரின்னு பேரு சொல்லுவாவ, ரெண்டுக்கும் போங்க, ரெண்டுலயும் நூறு நூறு கிராம் வாங்கி ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு வச்சு ருசி பாருங்க. மக்ரூன் எடையே இருக்காது, நூறு கிராமே பை ரொம்ப வரும், அதனால கால் கிலோ சொல்லிட்டு அப்புறம் பையப் பாத்து பயந்துறாதீங்க.

எப்படிப் பாத்து வாங்கணும்னு சொல்றேன். கலர் தும்பப்பூ வெள்ளையா இல்லாம லேசா தந்த நிறத்துல இருக்கணும், அது முந்திரி நிறைய இருக்கறதுக்கு அடையாளம். ரொம்ப வெள்ளையா, வெறும் தித்திப்பா இருந்தா சீனி தூக்கல். நுனிய ரெண்டு விரல்ல பிடிச்சு நசுக்குங்க, மளுக்குன்னு ஒடையணும், ஒடைஞ்ச எடத்துல குட்டிக் குட்டி ஓட்டையா காத்து இருந்த தடம் தெரியணும், அடிப்பக்கம் நடுவுல மட்டும் முந்திரி பிசுபிசுன்னு கொஞ்சம் பல்லுல ஒட்டணும். வாய்ல வச்சு கடிக்காம நாக்கு மேல அப்படியே விடுங்க. மேல கூடு முதல்ல கரையும், ஒரு நொடி ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், அப்புறம் கடைசில வறுத்த முந்திரி வாசம் மட்டும் மூக்கு வரைக்கும் ஏறி வரும். எத்தனை தின்னாலும் எனக்கு அந்தக் கடைசி வாசத்துக்காகத்தான் அடுத்ததுக்கு கை போகும். மாஸ்டர் ஆளு ஃப்ரீயா இருந்தா மஞ்சக்கருவ எல்லாம் என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க, ஒவ்வொரு கடைலயும் ஒரு பதில் கிடைக்கும், பேச்சு அப்படியே ஓவன் வரைக்கும் போகும்.

இப்ப அந்த எவர்சில்வர் டப்பா. வாங்குன ஒடனே அதுக்குள்ள கொட்டி மூடிருங்க. கடக்காத்து ஈரத்த மக்ரூன் அப்படியே இழுத்துக்கும், பைய தொறந்து வச்சா கொஞ்ச நேரத்துலயே பிசுபிசுன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பஸ் குலுக்கல்ல நொறுங்கவும் செய்யும், டப்பான்னா பாதி தப்பிக்கும். மிச்சம் பாதி தூளாப் போனாலும் வீணில்ல, ரூம்ல ஒரு வெனிலா ஐஸ்க்ரீம் கப்பு வாங்கி மேல தூவிச் சாப்பிடுங்க.

அதுக்கப்புறம் நேரம் இருந்தா பீச் ரோட்டுல பனிமய மாதா கோயிலுக்குப் போயி உக்காந்துட்டு வாங்க. ஆகஸ்ட் 5 திருவிழா, ஜூலை 26ல கொடியேத்தம், அந்தப் பதினோரு நாளும் ஊரே தெருவுல இருக்கும், திருவிழாக் கடைங்களும் சேத்துப் பாக்கணும்னு ஆசைப்படறவங்க அப்பப் போங்க, அமைதியா பேக்கரி மட்டும் பாக்கணும்னா மத்த நாள்ல போங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்தா பொரிச்ச பரோட்டா சாப்பிடலாம், ஆனா அது தனிக் கதை, அதுக்கு தனி வயிறு வேணும்.

பைக் இருக்கறவங்களுக்கு: முதலூர், உடன்குடி

பைக்கோ ஸ்கூட்டியோ வச்சிருந்தா இன்னொரு ஞாயித்துக்கிழமைக்கு தெக்க போங்க. சாத்தான்குளம் பக்கத்துல முதலூர்னு ஒரு ஊரு, 1799ல கிறிஸ்தவங்க குடியேறி உருவான ஊரு, பேரே அதனாலதான் வந்துச்சு. அங்க மஸ்கோத் அல்வா. டவுன் அல்வாவ நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க, இதுல நெய்யே கிடையாது, மைதா மாவப் பிசைஞ்சு கழுவி எடுத்த பாலும் தேங்காப்பாலும் சீனியும்தான். தேங்காப்பால் வத்த வத்த அதுலயே எண்ணெ பிரியும், அந்த எண்ணெதான் நெய்யோட வேலைய செய்யுது. ஆறுன பிறகு கத்தி வச்சு துண்டு போடலாம், அமுக்குனா ரப்பர் கணக்கா திரும்பி எழும்பும், கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவும், நடுவுல முந்திரி தெரியும். இலங்கைலயும் இதே ஜாதி இனிப்ப மஸ்கட்னு சொல்லுவாவ, எங்க பக்கத்து ஆளுங்க கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போயி வந்துக்கிட்டு இருந்த காலத்துல அந்தக் கைப்பக்குவமும் கூட வந்துருக்கும். பாலு, நெய்யி, முட்டை எதுவும் சேத்துக்காதவங்க தயங்காம வாங்கக் கூடிய அல்வா இது.

அப்படியே எங்க ஊருப் பக்கம் உடன்குடி வந்து கருப்பட்டி வாங்குங்க, புவிசார் குறியீடு வாங்குன கருப்பட்டி. பேக்கரிக்கும் கருப்பட்டிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, பேக்கரில வாங்குன உப்பு பிஸ்கட்ட கருப்பட்டிக் காப்பில முக்கிச் சாப்பிட்டுப் பாருங்க. உடைச்ச எடம் மங்கலா கருப்பா இருக்கணும், சீனி கலந்தது பளபளன்னு படிகம் படிகமா மின்னும்.

ரயில்ல போறதா இருந்தா திருநெல்வேலி–திருச்செந்தூர் லைன்ல நாசரேத்தும் காயல்பட்டினமும் வரும். காயல்பட்டினத்துல ரவையும் முட்டையும் போட்டுச் செய்யற தம்மடைன்னு ஒரு பண்டம் உண்டு, பெரும்பாலும் வீட்டுல விசேஷத்துக்குச் செய்யறது, அங்க ஒரு ஃப்ரெண்டு இருந்தா விடாதீங்க. வடக்க கோவில்பட்டி போனா கடலை மிட்டாய், 2020ல குறியீடு கிடைச்சது, மேல கலர் கலரா தேங்காப்பூ தூவுனதுதான் அந்த ஊரு அடையாளம்.

ரூமுக்கு வந்த பிறகு

ரொட்டி, பன்னு எதையும் ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்காதீங்க. ஃப்ரிட்ஜ் குளிர்ல ரொட்டி வெளிய இருக்கறத விட சீக்கிரமா வறண்டு கட்டியாகும், மாவுல இருக்கற ஸ்டார்ச்சு இறுகிப் போறதுதான் காரணம். ஒரு நாளு வெளிய மூடி வச்சுச் சாப்பிடுங்க, அதுக்கு மேலன்னா ஃப்ரீசர்ல போடுங்க, நடுவுல இருக்கற ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டாம். அல்வாவுக்கும் ஃப்ரிட்ஜ் தேவையில்ல, நெய்யி உறைஞ்சு வெள்ள வெள்ளையா நிக்கும், வெளியவே ஒரு வாரம் தாங்கும். சாப்பிடும்போது பாக்கெட்டோட சுடுதண்ணில அஞ்சு நிமிஷம் போட்டா பழைய பக்குவத்துக்கு வந்துரும், ரூம்ல ஒரு எலக்ட்ரிக் கெட்டில் இருந்தாப் போதும். மஸ்கோத் தேங்காப்பால் சரக்கு, ரொம்ப நாள் வச்சா காறல் வாடை வந்துரும், நாலஞ்சு நாளுக்குள்ள முடிச்சிருங்க. பப்ஸ் மிச்சம் இருந்தா மைக்ரோவேவ் வேண்டாம், நனஞ்ச துணியா ஆயிரும், தோசைக்கல்ல காய வச்சு, தீயக் கொறச்சு, மூடாம ரெண்டு பக்கமும் சூடு காட்டுங்க.

டிசம்பர்ல வந்தீங்கன்னா

மேல சொன்ன ப்ளான்ல ஒரு மாத்தம் பண்ணிக்கோங்க. கிறிஸ்மஸ் மாசம் பாளையங்கோட்டை, நாசரேத், தூத்துக்குடி பேக்கரி எல்லாத்துலயும் ப்ளம் கேக்குதான் ராஜா. திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் வாரக்கணக்குல ஊறப் போட்டிருப்பாங்க. சீனிய கருக்கி ஊத்தறதுலதான் அந்தக் கருப்பு நிறம் வருது, கலர் பொடி போட்டது தனியா தெரியும், கைல ஒட்டுன தூள் கருஞ்செவப்பா இருக்கும், வாய்ல கருக்குன சீனியோட லேசான கசப்பு இருக்காது. கேக்கு வெட்டுன பக்கத்த பாருங்க, பழம் எல்லாம் அடியில போயி சேராம மேலயும் கீழயும் சமமா கிடந்தா மாவு பதம் சரின்னு அர்த்தம். 20ஆம் தேதிக்கு மேல போனா கடைக்காரருக்கு உங்ககிட்ட பேசவே நேரம் இருக்காது, டிசம்பர் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள போயி கால் கிலோ துண்டா வாங்கி நாலு கடை ருசி பாத்துட்டு, பிடிச்ச கடைல முழுக் கேக்குக்கு ஆர்டர் குடுத்து வச்சிருங்க.

வெளிநாட்டுல தனியா இருக்கற தம்பி தங்கச்சிக்கு அனுப்பணும்னா மக்ரூனும் கடலை மிட்டாயும் தாங்கும், அல்வாவ டப்பாவுல அடைச்சு சீல் பண்ணித் தரச் சொல்லுங்க, பப்ஸ நினைக்கவே வேண்டாம். ஆஸ்திரேலியா மாதிரி நாடுங்கள்ல முட்டை, பால் சேந்த பண்டத்துக்கு கெடுபிடி ஜாஸ்தி, கொண்டு போறவங்க ஏர்ப்போர்ட்டுல ஃபார்ம்ல மறைக்காம எழுதிரணும், அனுப்பறதுக்கு முன்னாடி அந்த நாட்டு விதிய பாத்துக்கிடுங்க. மக்ரூன் டப்பாவுக்கு மேல காலியா எடம் இருந்தா பேப்பர கசக்கி அடைச்சு மூடுங்க, உள்ள ஆடாம இருந்தாத்தான் கூடு ஒடையாம போய்ச் சேரும்.